டாங்கிக்குப் பதிலாக இலகு கவச வாகனம்: ஒரு மாற்றுத் திட்டத்தை எடைபோடுவது எப்படி

ஏதேனும் ஒரு நாட்டின் ராணுவம் டாங்கிகளைக் குறைத்துக்கொண்டு இலகு கவச வாகனங்களை வாங்கப்போகிறது என்று செய்தி வந்தவுடன், டாங்கியின் காலம் முடிந்துவிட்டது என்று ஒரு தரப்பும், டாங்கி இல்லாமல் தரைப்போரே இல்லை என்று மற்றொரு தரப்பும் எழுதத் தொடங்கிவிடுகின்றன. இரு தரப்பும் உக்ரைனிலிருந்து வந்த காணொளிகளையே சான்றாகக் காட்டுகின்றன என்பது வேடிக்கை. பாதுகாப்பியல் படிக்கும் மாணவரோ, இத்துறையைப் பற்றி எழுதும் செய்தியாளரோ, வெறும் ஆர்வத்தால் இதைத் தொடரும் வாசகரோ, அப்படியொரு திட்டத்தைக் கையில் எடுத்தால் எந்த வரிசையில், எந்தக் கேள்விகளைக் கேட்டு அதைச் சோதிக்க வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன். ஒரு தாளும் பென்சிலும், கூட்டல், பெருக்கல், வகுத்தல் தெரிந்த பொறுமையும் போதும்.

பெயரை முதலில் தெளிவாக்குங்கள்

தமிழ் நாளிதழ்களில் அர்ஜுனும் 'பீரங்கி', தனுஷும் 'பீரங்கி'. ஆனால் அர்ஜுன் எதிரியை நேராகப் பார்த்துச் சுடும் டாங்கி. தனுஷ் பல கிலோமீட்டர் பின்னால் நின்று வளைவாகச் சுடும் பெரும் துப்பாக்கி. ஆவடிப் பக்கத்தில் 'டேங்க் ஃபேக்டரி' என்றால் ஆட்டோக்காரர் தயங்காமல் கனரக வாகனத் தொழிற்சாலை வாசலில் இறக்கிவிடுவார். தாளில்தான் நமக்குக் குழப்பம். ஆகவே வாகனங்களைப் பெயரால் அன்றி மூன்று எண்களால் குறித்துக்கொள்ளுங்கள்: எடை எத்தனை டன், முதன்மைத் துப்பாக்கியின் குழல் விட்டம் எத்தனை மில்லிமீட்டர், ஓடுவது ரப்பர் சக்கரத்திலா சங்கிலிப் பட்டையிலா.

இப்படி எழுதினால் பிரான்சின் ஏஎம்எக்ஸ்-10 ஆர்சி சுமார் 17 டன், 105 மி.மீ., ஆறு சக்கரம். ஜப்பானின் டைப் 16 சுமார் 26 டன், 105 மி.மீ., எட்டு சக்கரம். இந்தியாவின் ஜொராவர் 25 டன், 105 மி.மீ., சங்கிலி, அமெரிக்காவின் பிராட்லி சுமார் 30 டன், 25 மி.மீ., சங்கிலி, அர்ஜுன் மார்க் 1ஏ 68 டன், 120 மி.மீ., சங்கிலி. 2023 ஜனவரியில் பிரெஞ்சு அதிபர் மக்ரோன் ஏஎம்எக்ஸ்-10 ஆர்சி வண்டிகளை உக்ரைனுக்குத் தருவதாக அறிவித்தபோது, அவற்றை 'இலகு டாங்கி' என்று பாதி உலகம் எழுதியது. உளவுப் பணிக்காக 1970களில் வடிவமைக்கப்பட்ட வண்டி அது. அந்தப் பெயரை நம்பி அதை நேரடித் தாக்குதலில் முன்னே விட்டபோது என்ன நடந்தது என்பதைப் பிறகு பார்ப்போம்.

எந்த வேலைக்கு மாற்று என்று கேளுங்கள்

மாற்றுத் திட்டங்கள் பெரும்பாலும் பிசகுவது இந்த இடத்தில்தான் என்பதால், அதிக நேரத்தை இதற்கே ஒதுக்குங்கள். டாங்கி செய்யும் வேலைகளைத் தாளின் இடப்பக்கம் எழுதுங்கள்: எதிரியின் டாங்கியை அழிப்பது, காலாட்படை முன்னேறும்போது சுவரையும் பதுங்குகுழியையும் உடைப்பது, சுடப்பட்டுக்கொண்டிருக்கும்போதே ஓரிடத்தில் நின்று தாக்குப்பிடிப்பது, கண்ணிவெடி வயலில் வழி திறப்பது, ஊடுருவிய எதிரியின் மீது விரைந்து போய் விழுவது. வலப்பக்கத்தில், புதிய வாகனம் இவற்றில் எதைச் செய்யும், எதைச் செய்யாது, செய்யாததை வேறு யார் செய்வார் என்று எழுதுங்கள். வலப்பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருந்தாலும், திட்டம் அந்த வேலையைக் கைவிடுகிறது என்றே பொருள். கைவிடுவது தவறென்று நான் சொல்லவில்லை; கைவிடுவதைச் சொல்லாமல் விடுவதுதான் தவறு.

இதற்குக் கனடாவின் அனுபவத்தைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது அரிது. 2003-இல் கனடா தன் பழைய லெப்பர்ட் டாங்கிகளை ஓரங்கட்டிவிட்டு, ஸ்ட்ரைக்கர் வகைச் சக்கர வண்டியின் மீது 105 மி.மீ. துப்பாக்கி பொருத்திய 66 வாகனங்களை வாங்க முடிவு செய்தது. ஓய்வு கொடுக்கவிருந்த லெப்பர்ட் சி2-வின் துப்பாக்கியும் அதே 105 மி.மீ.தான். தாளில் பார்த்தால் சுடும் வலிமை குறையவில்லை, எடை பாதிக்கும் கீழே இறங்குகிறது, வேகம் கூடுகிறது, நிதியமைச்சகத்துக்குக்கூடப் பிடித்துப்போயிருக்கும்.

மூன்று ஆண்டுகளில் கனடியப் படையினர் ஆப்கானிஸ்தானின் கந்தகார் மாகாணத்தில் உள்ள பஞ்ச்வாய் பகுதியில் நின்றார்கள். அங்கே திராட்சைக்குப் பந்தல் கிடையாது. இடுப்பளவு உயர மண் வரப்புகள் வரிசை வரிசையாக ஓடும், கொடிகள் அந்த வரப்புகளின் மேல் படரும், இடையே ஆழமான வாய்க்கால்கள். தோட்டத்தைச் சுற்றி மண் மதில். நடுவே திராட்சை உலர்த்தும் கட்டடம், காற்றுக்காகத் துளைகள் விட்ட தடித்த மண்சுவர்களோடு. நூற்றாண்டு வெயிலில் காய்ந்து இறுகிய அந்தச் சுவர்கள், கனடாவின் சக்கரக் கவச வண்டிகள் சுட்ட 25 மி.மீ. குண்டுகளை விழுங்கின; அந்தக் காற்றுத் துளைகளே எதிரிக்குச் சுடும் துளைகளாயின. சக்கரக் கவச வண்டிகளால் வரப்புகளைக் குறுக்கே கடக்க முடியவில்லை. பாதையோடு மட்டும் போனால், பாதையில் வெடி புதைத்துக் காத்திருப்பவனுக்கு வேலை சுலபம். 2006-இன் இறுதியில் கனடா, தான் விலக்கவிருந்த அதே லெப்பர்ட் சி2 டாங்கிகளைக் கந்தகாருக்கு அனுப்பியது. அடுத்த ஆண்டு ஜெர்மனியிடம் 20 லெப்பர்ட் 2 டாங்கிகளைக் கடனாகப் பெற்றது. நெதர்லாந்திடமிருந்து 100 வரை வாங்க ஏற்பாடு செய்தது. 66 சக்கர வண்டிகளுக்கான திட்டம் கைவிடப்பட்டது.

துப்பாக்கியின் விட்டம் இங்கே எதையும் தீர்மானிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். வரப்பைக் குறுக்கே மிதித்து, மதிலை இடித்து, தானே ஒரு பாதையை உண்டாக்கிக்கொள்ளும் எடையும் சங்கிலியும்தான் தேவைப்பட்டன.

இதே 105-க்கு 105 மாற்றத்தை ஜப்பானும் செய்தது. அங்கே அது நிலைத்துவிட்டது. 2013 இறுதியில் வெளியான பாதுகாப்பு வழிகாட்டுதலில் டாங்கிகளின் எண்ணிக்கையைச் சுமார் 300-ஆகக் குறைத்து, அவற்றை ஹொக்கைடோவிலும் கியூஷூவிலும் குவிப்பதென்று முடிவாயிற்று. 38 டன் எடையுள்ள டைப் 74 டாங்கிகள் 2024 மார்ச்சோடு ஓய்வு பெற்றன. அவை விட்ட இடத்தின் பெரும்பகுதியை டைப் 16 எடுத்துக்கொண்டது. ஜப்பானின் கேள்வி வேறு: தென்மேற்குத் தீவுகளில் எவரேனும் இறங்கினால், நெடுஞ்சாலையில் சொந்தச் சக்கரத்திலேயே மணிக்கு 100 கிலோமீட்டர் வரை ஓடி, சி-2 சரக்கு விமானத்தில் ஏறி, எதிரி காலூன்றுவதற்கு முன் அங்கே போய்ச் சேர வேண்டும். அந்த வேலைப் பட்டியலில் திராட்சைத் தோட்டத்து மண்சுவர் இல்லை.

அமெரிக்க மரைன் படை இன்னும் ஒரு படி போயிற்று. 2020-இல் ஜெனரல் டேவிட் பெர்கர் தலைமையில் தன் மூன்று டாங்கி பட்டாலியன்களையும் கலைக்க முடிவு செய்து, 2021-க்குள் டாங்கிகளைக் கொடுத்துவிட்டது. பசிபிக் தீவுகளில் கப்பலெதிர்ப்பு ஏவுகணையோடு பதுங்குவதே தன் பணி என்று அது வரையறுத்துக்கொண்டது. டாங்கி தேவைப்பட்டால் ராணுவம் கொண்டுவரும் என்று வெளிப்படையாகச் சொன்னது. வலப்பக்கத்தை நேர்மையாக நிரப்புவதென்றால் இதுதான். முடிவோடு உடன்படாதவர்கள்கூட இதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

எடையைக் கடைசிப் பாலம் வரை பின்தொடருங்கள்

விளம்பரத் தாளில் இருப்பது பெரும்பாலும் வெற்று வண்டியின் எடை. போர்க்களத்தில் கூடுதல் கவசம், குண்டுகள், எரிபொருள், மின்னணுக் கருவிகள், வீரர்களின் மூட்டை முடிச்சு எல்லாம் ஏறியிருக்கும். 1999-இல் அமெரிக்க ராணுவத் தளபதி எரிக் ஷின்செகி, 96 மணி நேரத்தில் உலகின் எந்த மூலைக்கும் சில ஆயிரம் வீரர் கொண்ட ஒரு பிரிகேடைக் கொண்டுசேர்க்க வேண்டும் என்று இலக்கு வைத்தார். அதிலிருந்து பிறந்த ஸ்ட்ரைக்கர், சி-130 சரக்கு விமானத்துக்குள் அடங்க வேண்டும் என்பது நிபந்தனை. 2003 இறுதியில் ஈராக்குக்குப் போனபோது, தோளில் வைத்து ஏவும் ஆர்பிஜி குண்டுகளைத் தடுக்க வண்டியைச் சுற்றி இரும்புக் கம்பிக் கூண்டு கட்டினார்கள். இரண்டு டன்னுக்கும் மேல் எடை கூடியது, அகலமும் கூடியது. கூண்டோடு அது சி-130-க்குள் நுழையாது. எந்த நிபந்தனைக்காகக் கவசத்தைக் குறைத்தார்களோ அந்த நிபந்தனை, முதல் போரிலேயே போயிற்று.

அமெரிக்காவின் எம்10 புக்கர் வாகனத்தின் கதை இதைவிடக் கசப்பானது. விமானத்திலிருந்து குதிக்கும் பாராசூட் படைக்கும் காலாட்படைக்கும் துணையாக இலகுவான 105 மி.மீ. வாகனம் வேண்டும் என்று தொடங்கிய திட்டம், 40 டன்னை ஒட்டிய வாகனத்தில் போய் நின்றது. அதைப் பெறவிருந்த ஃபோர்ட் கேம்பெல் முகாமுக்குள் இருக்கும் 11 பாலங்களில் 8 அந்த எடையைத் தாங்காது என்று 2025-இல் செய்தி வெளியானது. அவ்வாண்டு ஜூனில் அமெரிக்க ராணுவம் கொள்முதலை நிறுத்தியது.

ஆகவே ஒரு வாகனத்தை மதிப்பிடும்போது, அது புறப்படும் முகாமிலிருந்து சண்டையிடப்போகும் இடம் வரை ஒரு கோடு இழுத்து, வழியில் உள்ள பாலங்களையும் விமானங்களையும் எழுதுங்கள். ஐரோப்பாவில், குறிப்பாக ஜெர்மனியில், பாலங்களின் முகப்பில் ராணுவச் சுமை வகுப்பு எழுதிய வட்டமான மஞ்சள் பலகைகளைக் காணலாம். இந்தியாவில் சாலைப் பாலங்களை வடிவமைக்கும் '70ஆர்' சுமை விதியில், சங்கிலியில் ஓடும் 70 டன் வாகனம் ஒன்று கணக்கில் வருகிறது; சிவில் பொறியியல் படித்தவர்கள் அதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருப்பார்கள். எல்லையோரத்தில் பல பாலங்கள் அதைவிடக் குறைந்த வகுப்பைச் சேர்ந்தவை. 25 டன் வாகனம் கடந்துவிடும் இடத்தில் இந்தியாவின் 46 டன் டி-90 டாங்கி சுற்றிப் போக வேண்டியிருக்கும்.

எடையோடு சேர்த்து மண் அழுத்தத்தையும் கணக்கிடுங்கள். சேற்றுழவுக்கு டிராக்டரில் ஏன் கேஜ் வீல் மாட்டுகிறார்கள் என்று தெரிந்தவருக்கு இதை விளக்கவே வேண்டாம். 25 டன் வாகனத்தின் ஒவ்வொரு சங்கிலியும் 4 மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலத்துக்குத் தரையைத் தொடுகிறது என்று வைத்துக்கொண்டால், தொடும் பரப்பு மொத்தம் 4 சதுர மீட்டர். ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 0.6 கிலோ. 18 டன் எட்டுச் சக்கர வண்டியின் ஒவ்வொரு டயரும் 0.11 சதுர மீட்டர் தரையைத் தொடுவதாகக் கொண்டால், அழுத்தம் 2 கிலோவை எட்டிவிடும். இலேசான வண்டி மூன்று மடங்குக்கும் மேல் ஆழமாக அழுத்துகிறது! டயரின் காற்றைக் குறைத்து இதை ஓரளவு சமாளிக்கலாம். உருகும் பனியும் களிமண்ணும் கலந்த வசந்த காலத்து உக்ரைனில் ஓரளவுதான்.

எரிபொருளில் இலகு வாகனத்துக்கு உரிய மதிப்பைக் கொடுங்கள்

இதுவரை நான் டாங்கியின் பக்கம் சாய்ந்திருப்பதாகத் தோன்றினால், இந்தக் கணக்கு அதைச் சரிசெய்யும். அமெரிக்காவின் ஏப்ராம்ஸ் டாங்கியில் சுமார் 1,900 லிட்டர் எரிபொருள் பிடிக்கும். அதில் சாலையில் 420 கிலோமீட்டர் அளவில் ஓடும். ஸ்ட்ரைக்கர் 200 லிட்டரில் 500 கிலோமீட்டர் ஓடிவிடும். 14 ஏப்ராம்ஸ் கொண்ட ஒரு கம்பெனியை ஒருமுறை நிரப்ப 26,600 லிட்டர் வேண்டும். 9,500 லிட்டர் கொள்ளும் ராணுவ டேங்கர் லாரிகள் மூன்று. எதிரியின் ட்ரோன் முன்வரிசைக்குப் பின்னால் பல கிலோமீட்டர் வரை லாரிகளைத் தேடி வேட்டையாடும் நிலையில், ஒவ்வொரு லாரியும் ஓர் இலக்கு. டாங்கியைக் கவசம் காப்பாற்றலாம். அதற்கு டீசல் கொண்டுபோகும் ஓட்டுநரைக் காப்பாற்ற ஒன்றுமில்லை. இதைக் கணக்கில் எடுக்காமல் டாங்கிக்கு வாதாடுபவரிடம், லாரிகளின் எண்ணிக்கையை எழுதித் தரும்படி கேளுங்கள்.

ட்ரோன் காணொளியை ஒழுங்காகப் படியுங்கள்

அமெரிக்கா கொடுத்த 31 ஏப்ராம்ஸ் டாங்கிகளை ட்ரோன் ஆபத்தால் உக்ரைன் முன்வரிசையிலிருந்து விலக்கிக்கொண்டதாக 2024 ஏப்ரலில் செய்தி வந்தது. அதிலிருந்து 'இனி இலகு வாகனமே' என்ற முடிவுக்குத் தாவுகிறார்கள். ஆனால் கேமராக் காட்சியைப் பார்த்தபடி இலக்கின் மீது மோதவிடும் எஃப்பிவி ட்ரோன் பெரும்பாலும் சுமந்து வருவது ஆர்பிஜி குண்டின் தலைப்பகுதியை. அது 300 மில்லிமீட்டர் எஃகைக்கூடத் துளைக்கும். டாங்கியின் கூரை சில சென்டிமீட்டர், இலகு வாகனத்தின் கூரை அதிலும் மெல்லியது. கூரையைப் பொறுத்தவரை இரண்டும் ஏறக்குறைய ஒரே கதி. வேறுபாடு தெரிவது அருகே விழும் எறிகணையின் சிதறல்களில்தான். 2023 கோடையில் உக்ரைன் பட்டாலியன் தளபதி ஒருவர், அருகே வெடித்த எறிகணையின் சிதறல் ஏஎம்எக்ஸ்-10 ஆர்சியின் மெல்லிய கவசத்தைத் துளைத்து உள்ளே இருந்த குழுவினர் இறந்ததைச் செய்தியாளரிடம் சொல்லி, முன்வரிசைத் தாக்குதலுக்கு இவ்வண்டி ஏற்றதல்ல என்றார். பின்னால் நின்று சுடுவதற்கு அதே வண்டி பயன்பட்டது. வேலைப் பட்டியலுக்குத்தான் மறுபடியும் வந்து நிற்கிறோம்.

2024 ஜனவரியில், அவ்தீவ்காவுக்கு அருகே ஸ்தெபோவே கிராமத்தில் உக்ரைனின் பிராட்லிகள் ரஷ்யாவின் டி-90எம் டாங்கி ஒன்றை 25 மி.மீ. குண்டுகளால் மிக அருகிலிருந்து அடித்துச் செயலிழக்கச் செய்த காணொளி புகழ்பெற்றது. அதைப் பார்க்கும்போது கவசம் துளைக்கப்பட்டதா, பார்வைக் கருவிகள் சிதைந்து டாங்கி குருடானதா என்று கவனியுங்கள், நடந்தது பின்னது. துணிச்சலான சண்டை, ஆனால் கொள்முதல் கொள்கைக்கு அடித்தளமாகாது. காணொளி ஒன்று கிடைத்தால் மூன்றை எழுதிக்கொள்ளுங்கள்: தரை எப்படி, தாக்கியது எது, உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்களா. மூன்றாவது பெரும்பாலும் காணொளியில் இருக்காது, அதனாலேயே யாரும் கேட்பதில்லை.

உயரத்துக்குத் தனிக் கணக்கு: லடாக்

4,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 63 சதவீதம்தான். டர்போ இருந்தாலும் என்ஜின் மூச்சுவாங்கும். டி-90-இல் 46 டன்னுக்கு 1,000 குதிரைத்திறன், அதாவது டன்னுக்குச் சுமார் 22; ஜொராவரில் 25 டன்னுக்கு ஏறக்குறைய 750, டன்னுக்கு 30. இரண்டும் கால்பங்கு திறனை இழப்பதாக வைத்துக்கொண்டால், ஜொராவர் மலையிலும் டி-90-இன் சமவெளித் திறனோடு ஏறும். துப்பாக்கியை உயர்த்தும் கோணமும் முக்கியம்: இந்தியாவின் மற்றொரு டாங்கியான டி-72 ஏறக்குறைய 14 டிகிரி வரைதான் குழலைத் தூக்கும், ஜொராவரின் கோபுரம் 40 டிகிரிக்கு மேல் தூக்கும். பள்ளத்தாக்கில் நின்று முகட்டைச் சுட வேண்டியவனுக்கு இது சிறிய வேறுபாடு இல்லை.

ஆவடியில் இருக்கும் போர் வாகன ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனமும் எல் அண்டு டி-யும் சேர்ந்து உருவாக்கிய ஜொராவர், 2024 ஜூலையில் குஜராத்தின் ஹசீராவில் வெளியே வந்து, அவ்வாண்டு டிசம்பரில் 4,200 மீட்டருக்கு மேல் சுட்டுப் பார்க்கப்பட்டது. 2020 கல்வான் மோதலுக்குப் பிறகு, சீனாவின் 105 மி.மீ. டைப் 15 இலகு டாங்கி எதிரே நிற்க, 354 இலகு டாங்கிகள் தேவை என்று இந்தியத் தரைப்படை திட்டமிட்டது. இதை டாங்கிக்கு மாற்று என்று எழுதுவது பிழை. டி-72-உம் டி-90-உம் லடாக்கில் இருக்கின்றன; 2020 ஆகஸ்டு இறுதியில் ரெச்சின் லா கணவாயில், 15,000 அடிக்கு மேல், இந்திய டாங்கிகள் ஏறி நின்றன. ஜொராவர் அவற்றோடு சேர்க்கப்படுவது. 1948 நவம்பரில் ஸோஜி லா கணவாயில் ஸ்டூவர்ட் இலகு டாங்கிகளும், 1962-இல் விமானத்தில் கொண்டுசெல்லப்பட்டுச் சுஷூலில் இறங்கிய ஏஎம்எக்ஸ்-13 இலகு டாங்கிகளும் இதே தேவையைத்தான் நிறைவேற்றின: கனமான டாங்கி வர முடியாத இடத்தில், வர முடிந்த டாங்கி.

திரும்பி வரும் வழியையும் எழுதுங்கள்

கடைசியாகத் தாளின் அடியில் ஒரு வரி விடுங்கள்: பழைய டாங்கிகள் என்ன ஆகும்? உருக்கப்படுமா, விற்கப்படுமா, கொட்டகையில் எண்ணெய் பூசி வைக்கப்படுமா. ஓட்டுநர், சுடுநர், சங்கிலி மாற்றத் தெரிந்த மெக்கானிக், மீட்பு வண்டி ஆகியவை எத்தனை ஆண்டு பயிற்சியோடு வைத்திருக்கப்படும்? கனடா 2006-இல் சில வாரங்களில் முடிவெடுத்துக் கந்தகாருக்கு லெப்பர்ட்களை அனுப்ப முடிந்ததற்குக் காரணம், 2003-இன் முடிவு அதுவரை முழுதாக நிறைவேறாமல் கிடந்ததுதான். டாங்கிகள் கொட்டகையில் இருந்தன. அவற்றை ஓட்டத் தெரிந்தவர்களும் இன்னும் சம்பளப் பட்டியலில் இருந்தார்கள்.